மத்தியானத்துக்காரி

“அம்மாவோடது எல்லாம் எனக்குத்தானா, சித்தி?”

பதினைந்து வருடத்துக்கு முன்னால், அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயதுக் குட்டி இப்படிக் கேட்டாள். அவளுடைய அம்மா, அந்த வீட்டின் மூத்த பெண்ணான பெரியவள், போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கட்டிலின் மேல் சீப்பு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த பவுடர் டப்பா எல்லாம் பரப்பிக் கிடந்தன.

“எல்லாம் உனக்குத்தான்டா கண்ணு,” என்றாள் சித்தி.

“அப்போ அம்மாவோட வியாதி?”

புடவையை மடித்துக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. பெரியவளுக்கு மார்பில் புற்றுநோய். முப்பத்தைந்தில் கண்டுபிடித்தார்கள்; முப்பத்தாறு முடியவில்லை. சித்திக்கு, அதாவது அந்த வீட்டின் சின்னவளுக்கு, குழந்தை கேட்டதற்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

“அது உனக்கு வராது. அதை மட்டும் அம்மா கையோட எடுத்துட்டுப் போயிட்டா.”

குட்டி நம்பினாள். அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கிலிருந்து அது வழுக்க வழுக்க வீடெல்லாம் சுற்றி வந்தாள்.

குட்டியின் அப்பா லாரி ஓட்டுபவர். வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் குட்டியை வளர்த்தது சின்னவளும் அவளுடைய அம்மாவும்தான். சின்னவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது துருவிக் கேட்டால், “வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் தையல் சரியில்ல, திருப்பி அனுப்பிட்டேன்,” என்பாள்.

அது அவள் தொழில் பேச்சு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து முடிந்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் விரித்து, காலர், கை, பக்கத் தையல் என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்தைந்து வருடமாக அதே வேலை. அங்கே இருக்கும் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. “பூதக்கண்ணாடியக்கா இன்னிக்கு எத்தனை அம்பு விட்டாங்க?” என்று சாப்பாட்டு வேளையில் கேட்டுச் சிரிப்பார்கள்.

பெரியவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் சின்னவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவாலோ குட்டியை விட்டு நகர முடியவில்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து வார்டுக்குப் போய்ச் சேர ஆறரை ஆகிவிடும். மருந்தின் வேகத்தில் பெரியவளுக்குப் பாதம் இரண்டும் எரியும். எரிந்து முடிந்தால் மரத்துப் போகும். தங்கை வந்ததும் முதலில் சொல்வது கால் எரிச்சலைத்தான்.

ஒரு நாள் அவள் அதைச் சொல்லவில்லை. குதிகாலுக்கு அடியில் துண்டு ஒன்று உருளையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சுருட்டின கடைசி முனையை உள்பக்கமாகப் பை போல மடித்துச் செருகியிருந்தார்கள். பாதத்தில் எண்ணெய் மினுங்கியது.

“ஒரு அம்மா ரெண்டு மணிக்கு வந்தாங்களே, உங்க ஆளுன்னு நெனைச்சேன்,” என்றாள் வார்டு ஆயா. “ஒரு மணி நேரம் காலைப் பிடிச்சு விட்டுட்டுப் போறாங்க. ஒரு வார்த்தை பேசலை. எனக்கும் ரெண்டு காலு இருக்குன்னேன், சிரிச்சாங்க.”

“யாருக்கா அது?”

“கேக்காதேடி,” என்றாள் பெரியவள், கண்ணைத் திறக்காமல். “கேட்டா வர மாட்டா.”

அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அந்தப் பெண் வந்தாள். பெரியவளின் கடைசி இரண்டரை மாதத்தில் அவள் வராத நாள் ஐந்தோ ஆறோ இருக்கும். சின்னவள் அவளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அக்கா போன பிறகு, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கண்மூடிச் சொல்லும் பிரார்த்தனையில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டாள். ‘முகம் தெரியாத அந்த மத்தியானத்துக்காரிக்கு நல்லது செய், கடவுளே.’

பதினைந்து வருடமாக அந்த வரியை அவள் விடவில்லை.

*

போன வருடம் சின்னவளுக்கும் வந்தது. நாற்பத்தாறு வயது. தொழிற்சாலைக்கு வந்த மருத்துவ முகாமில் கண்டுபிடித்தார்கள். இடது மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி பூனை மயிர் போல முளைத்தது. உயிர் தப்பியது. ஆனால் மாடிப்படியில் நாலாவது படியிலேயே நின்று மூச்சு வாங்கும் ஒரு அசதி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அது தூங்கினாலும் போகவில்லை. மறுபடி செக்கிங் மேஜைக்குப் போனபோது சூப்பர்வைசர் அவளுக்கு ஒரு உயரமான ஸ்டூல் போட்டிருந்தார். யாரும் சொல்லாமல் அவராகச் செய்தது. இந்த உலகம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஸ்டூல்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அக்கா தங்கை இரண்டு பேருக்கும் வந்ததால் ரத்தத்தில் மரபணு பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகர் இருந்தார். முப்பது வயதுப் பெண். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. ஒரு தாளைக் கொடுத்து, குடும்பத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்று வரையச் சொன்னார். சின்னவள் அம்மா பக்கத்தை மட்டும் வரைந்தாள். அம்மாவின் சித்தி ஒருத்திக்கு எண்பதாவது வயதில் மார்பில் கட்டி வந்திருந்தது. அதை வைத்து, பெரியவள் படுத்த நாளிலிருந்தே சொந்தக்காரர்கள் எல்லாம் ‘தாய்வழி வந்த வினை’ என்று முடிவு கட்டியிருந்தார்கள். பெண்ணுக்கு வருகிற வியாதி பெண் வழியாகத்தானே வரும் என்று அவளும் நினைத்தாள். அப்பா பக்கம் தாள் வெறுமையாகவே இருந்தது.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது.

“நம்ம உடம்புல செல் ஒண்ணு ரெண்டாகும்போது, அதுக்குள்ள இருக்கிற எழுத்து மொத்தத்தையும் பிரதி எடுக்கும்,” என்றார் ஆலோசகர். “எடுக்கும்போது தப்பு விழும். எல்லாருக்கும், தினமும் விழும். அதைத் தேடிச் சரி பண்ண உடம்புக்குள்ளேயே ஏற்பாடு இருக்கு. அந்த ஏற்பாட்டுக்கான மரபணு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. உங்களுக்கு அதுல ஒண்ணு பிறக்கும்போதே பழுது.”

“செக்கிங்ல ஆள் குறைச்சல்னு சொல்றீங்க.”

ஆலோசகர் சிரித்துவிட்டார். “இதுக்கு மேல நான் என்ன சொல்ல!”

“ஊரான் சட்டையெல்லாம் இருபத்தஞ்சு வருஷம் பாத்தேன். என் உடம்புல பாக்க ஆள் இல்லாமப் போச்சு பாருங்க.”

“பழுது இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்லைங்க. மத்தவங்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். மார்புல, சினைப்பையில. பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மான்னு இல்ல, அப்பாகிட்ட இருந்தும் வரலாம்.”

அம்மாவின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவிடம் அந்தப் பழுது இல்லை.

“அப்போ என்கிட்ட இருந்து வரலையா?” என்று அம்மா கேட்டாள். வரவில்லை என்றார் ஆலோசகர். அம்மா இன்னொரு முறை கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். பிறகு, “அந்த மனுஷன் இருந்திருந்தா இன்னிக்கு நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். செத்துத் தப்பிச்சாரு,” என்று சொல்லிவிட்டு, கைப்பையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டு அழுதாள். பதினைந்து வருடம், விசேஷ வீடுகளில் பந்திக் கடைசியில் உட்கார்ந்தவள். தன் வயிறு தன் பெண்ணைக் கொன்றது என்று நம்பியவள். சின்னவளுக்கு அன்றுதான் அது தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

“அப்பா பக்கம் யாரு இருக்காங்க?” என்று கேட்டார் ஆலோசகர்.

“அப்பாவுக்கு ஒரு அக்கா, எங்க அத்தை. நாப்பத்தாறு வயசுல வயித்துப் புண்ணுல போயிட்டாங்க. இருபத்தேழு வருஷம் ஆச்சு.”

“வயித்துப் புண்ணுன்னு யாரு சொன்னா?”

“அவங்க வீட்லதான்.”

ஆலோசகர் பேனாவைத் தாளில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். “அவங்களுக்குப் பிள்ளைங்க?”

“ஒரு பொண்ணு. ஆனா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லைங்க.”

அத்தை ஒரு வருடம் படுக்கையில் கிடந்ததையே அந்த வீட்டில் தம்பிக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். “உசுரோட இருக்கும்போது சொல்லாதவங்க, செத்தப்புறம் எதுக்குச் சொல்றீங்க?” என்று வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார் அப்பா. அன்றைக்கு அறுந்த உறவு. அப்பா செத்தபோது இந்த வீடும் அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை.

ஆலோசகர் ஒரு கடிதம் அச்செடுத்துக் கொடுத்தார். குடும்பத்தில் இன்ன பழுது இருக்கிறது, நீங்களும் வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. “இதை நாங்களா அவங்களுக்கு அனுப்ப முடியாது. நீங்கதான் குடுக்கணும். சீக்கிரம் குடுத்தா நல்லது. அவங்க வயசுக்கு ஒவ்வொரு மாசமும் முக்கியம்.”

கடிதம் சின்னவளின் பையில் மூன்று வாரம் கிடந்தது. சாப்பாட்டு டப்பாவில் ஒழுகிய எண்ணெய் ஒரு மூலையில் பட்டது. தினமும் வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து மேஜை மேல் வைப்பாள். காலையில் மறுபடி பைக்குள் போடுவாள். தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதே அவளுக்கு ஒரு நாள் வேலையாக இருந்தது. இதில், இருபத்தேழு வருடம் சாத்திக் கிடந்த கதவை எங்கே போய்த் தட்டுவது? அவர்கள் சொல்லவில்லையே, நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு மறுநாள் காலை கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் கடிதம் பையை விட்டு நகரவில்லை.

*

ஒரு வியாழக்கிழமை, சரக்கு லாரி வெளியே நின்றுகொண்டிருந்தபோது, சின்னவள் ஒரு சட்டையின் தோள்பட்டையில் பொடி வெட்டு ஒன்றைப் பார்த்தாள். அது தையல் குறை அல்ல. துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே மூச்சில் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கியதால் வந்தது. எந்த அடுக்கில் வெட்டியது என்று காட்டும் நம்பர் ஸ்டிக்கரை உள்ளே பார்த்தாள்.

“இந்த அடுக்குல வெட்டின அறுபது சட்டையும் திரும்ப வேணும்.”

“அக்கா, பெட்டி கட்டியாச்சு!” என்றாள் பேக்கிங் பெண்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். “என்னம்மா இது, கல்யாண வீட்ல வந்து ஒப்பாரி வைக்கிறே? ஒரு சட்டையிலதானே? அதை எடுத்துப் போடு.”

“ஒரே அடுக்கு சார். கத்தி சாஞ்சு இறங்கியிருந்தா மேல இருக்கிறதுல விழும், கீழ இருக்கிறதுல விழாது. எல்லாத்துலயும் இருக்குன்னு நான் சொல்லலை. எல்லாத்தையும் பாக்கணும்னு சொல்றேன். போட்டுக்கிட்டப்புறம் கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?”

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். கையில் இருந்த அம்பு ஸ்டிக்கர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

“சரி, சரி, முறைக்காதே. பிரிங்கப்பா பெட்டியை,” என்றார் சூப்பர்வைசர்.

அறுபதில் இருபத்திரண்டில் வெட்டு இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அத்தை மகளைத் தேடிப் போனாள்.

அத்தை மகள் ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது. விடுதியின் பின்பக்கம், நீராவி வந்துகொண்டிருந்த ஒரு கதவு. உள்ளே ஆள் உயர இயந்திரங்கள். வெள்ளைத் துண்டுகள் குவிந்த சக்கர வண்டிகள். நீள மேஜைக்குப் பின்னால், சோப்புக் காரத்தில் விரல் நுனி வெளுத்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் நெற்றி அப்படியே இருந்தது.

“யாரு வேணும்?” என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, “சின்னவளா?” என்றாள்.

“ஆமா, அண்ணி.”

அத்தை மகள் சின்னவளைவிட இரண்டு வயது மூத்தவள். சின்ன வயதில் கூப்பிட்ட முறை தானாக வந்துவிட்டது.

“யாராவது தவறிட்டாங்களா?”

“யாரும் தவறலை. ஒரு விஷயம் சொல்லணும்.”

“அப்படி உக்காரு. இந்த வண்டி மூணு மணிக்குள்ள மேல போகணும். கை பாட்டுக்கு வேலை பாக்கும், நீ சொல்லு.” அவளுடைய பார்வை சின்னவளின் தலைமுடியில் ஒரு கணம் நின்று விலகியது.

சின்னவள் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை மூன்றாக மடித்தன, இறுக்கிச் சுருட்டின, கடைசி முனையை வெளியே இழுத்து, பை போல மடித்து, உள்ளே செருகின. அடுத்த துண்டு. அதுவும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

தொழிலே பார்ப்பதாக இருக்கிறவளுக்குப் பார்த்ததை மறக்கத் தெரியாது.

“அண்ணி, இப்படிச் செருக இங்க சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்ல, இது என் வித்தை. மாடியில இருந்து தூக்கிப் போட்டாலும் பிரியாது. ஏன்?”

“அக்கா காலுக்கு அடியில இருந்துச்சு.”

கை நின்றது. பெரிய இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து, தண்ணீரை வெளியே விட்டது.

“அவ சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தா,” என்றாள் அத்தை மகள்.

“அவ சொல்லலை.”

“இங்க பாத்திரம் கழுவுற பொண்ணோட அம்மா அந்த வார்டுல இருந்தாங்க. பாக்கப் போனேன், பக்கத்துக் கட்டில்ல பெரியவ. எனக்குக் காலைல ஷிப்ட். மத்தியானம் வந்துடுவேன்.”

சின்னவளுக்கு எழுந்து அந்த வெளுத்த கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குள் அத்தை மகள் மறுபடி பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

“எங்கம்மாவுக்கு வயித்துப் புண்ணு இல்ல, சின்னவளே. சினைப்பையில புத்துநோய். எனக்கு அப்போ வரன் பாத்துக்கிட்டிருந்தாங்க. வெளிய தெரிஞ்சா பொண்ணை யாரு கட்டுவான்னு, கூடப் பிறந்த தம்பிக்குக்கூடச் சொல்லக் கூடாதுன்னு, என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. பெரியவளைப் பாத்ததும் எனக்கு என்னமோ பட்டுது. படிச்சவ இல்ல நான், ஆனா பட்டுது. இன்னிக்குச் சொல்லிடணும், டாக்டர்கிட்டயாவது சொல்லணும்னு தினம் கிளம்பி வருவேன். வந்து உக்காந்தா வாய் வராது. காலைப் பிடிச்சு விட்டுட்டுப் போயிடுவேன்.”

சின்னவளின் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

“அக்கா பிழைச்சிருக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா எனக்குச் சொல்லியிருந்தா நான் முன்னாடியே பாத்திருப்பேன், அண்ணி. முடி போச்சு, மார்பு போச்சு. அது போகட்டும். எங்கம்மா பதினஞ்சு வருஷம் பழி சுமந்தாங்க. தன்னாலதான் பொண்ணு செத்தான்னு நெனைச்சுக்கிட்டு, வாய் திறக்காம.”

அத்தை மகள் தலை குனிந்தாள்.

சின்னவள் தன் போன் நம்பர் எழுதியிருந்த கடிதத்தை எடுத்துத் துண்டுகளின் மேல் வைத்தாள். “எல்லாம் இதுல இருக்கு. போய் ரத்தம் குடுங்க. உங்கம்மா செஞ்ச மாதிரி நீங்களும் செஞ்சுடாதீங்க.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு, மூன்றாவதில் ஏறினாள்.

மறுநாள் காலை கண்மூடியபோது, அந்த வரி வாயில் வரவில்லை. முகம் தெரியாதவள் என்று இனிச் சொல்ல முடியாது. முகம் தெரிந்தவளுக்கு நல்லது செய் என்று கேட்கவும் நெஞ்சு ஒப்பவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதைச் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகு எட்டு வாரம் அந்த இடம் காலியாகவே இருந்தது.

*

அந்த எட்டு வாரத்துக்குள் குட்டியும் ரத்தம் கொடுத்திருந்தாள். இப்போது இருபத்திரண்டு வயது. மருந்துக்கடை ஒன்றில் வேலை. முடிவு கேட்கப் போனபோது சித்தியை அறைக்கு வெளியே உட்காரச் சொன்னாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

“இருக்கு சித்தி.”

சின்னவள் எழுந்திருக்கப் பார்த்தாள். குட்டி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இருபத்தஞ்சுல இருந்து வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணுமாம். அப்புறம் என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கலாமாம். நீ ஏன் இப்படிப் பாக்கறே? நான் இன்னும் செத்துப் போகலை.”

“வாயைக் கழுவு. அசட்டுத்தனமாப் பேசிக்கிட்டு.”

“சின்ன வயசுல உன்கிட்ட ஒரு தடவை கேட்டேன், ஞாபகம் இருக்கா? அம்மா அதைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னே.”

சின்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “தப்பாச் சொல்லிட்டேன்டா. தெரியாமச் சொன்னேன். என்னை மன்னிச்சுடு.”

“அட, இதுக்கா அழறே? பதினஞ்சு வருஷம் நல்லாத் தூங்கினேன்ல? அன்னிக்கு ‘இருக்கலாம்’னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன், ஏழு வயசுல?” குட்டி சித்தியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நீ சொன்னது பொய்தான். ஆனா பயந்து சொன்ன பொய். என் மேல இருந்த ஆசையில சொன்னே. அதை எப்படி சித்தி கணக்குல வெக்கறது?”

நடைபாதையில் தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டுப் போனது. பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமே என்று பயந்து, சாகக் கிடந்தபோதும் மறைத்த அத்தை. சத்தியத்துக்குப் பயந்து வாய் மூடிய அத்தை மகள். கேள்வி கேட்ட குழந்தைக்குப் பயந்து பொய் சொன்ன தான். மூன்று பேரும் ஒரே அடுக்கில் வெட்டிய துணி என்று சின்னவளுக்குப் பட்டது. தன் சட்டையில் மட்டும் அம்பு ஒட்டாமல் இத்தனை நாள் விட்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில், சாப்பாட்டு வேளையில் போன் வந்தது.

“நான்தான்,” என்றது குரல். பின்னால் இயந்திரச் சத்தம். “ரத்தம் குடுத்தேன். எனக்கும் இருக்காம். சினைப்பையையும் குழாயையும் இப்பவே எடுத்துடறது நல்லதுன்னாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை காலைல ஆபரேஷன், பெரிய ஆஸ்பத்திரியில. நீ வரணும்னு சொல்லலை. வர வேண்டாம். சொல்லாம இருந்துட்டேன்னு நாளைக்கு ஆகக் கூடாது, அதான் சொன்னேன்.”

சின்னவள் பதில் சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது.

*

செவ்வாய்க்கிழமை அவள் அரை நாள் லீவு கேட்டாள். “எங்கம்மா போறே?” என்றார் சூப்பர்வைசர். “ஒரு கால் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு சார்,” என்றாள். அவர் புரியாமல் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அத்தை மகளின் கணவர் சாப்பிடப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நர்ஸ், “மயக்கம் நல்லாத் தெளிய இன்னும் நேரமாகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

அத்தை மகள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள். போர்வைக்கு வெளியே பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நாளெல்லாம் ஈரத்தில் நின்று வெடித்த குதிகால்கள்.

சின்னவள் பையிலிருந்து பழைய நீலத் துண்டு ஒன்றை எடுத்தாள். மூன்றாக மடித்துச் சுருட்டி முனையைச் செருகினாள். அது அவிழ்ந்துவிட்டது. மறுபடி சுருட்டினாள், மறுபடி அவிழ்ந்தது. அந்தக் கைகள் அன்று செய்ததை மனதில் கொண்டுவந்து, முனையை முதலில் வெளியே இழுத்துவிட்டு, பிறகு பை போல மடித்துச் செருகினாள். நின்றது. தூங்குகிறவளின் குதிகாலை மெல்லத் தூக்கி அதை அடியில் வைத்தாள்.

எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பாதங்கள் சில்லென்று இருந்தன. குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் நிதானமாகப் பிடித்துவிட்டாள். நின்றுகொண்டே செய்ததில் அவளுக்கே முதுகு வலித்தது. ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிடித்துவிட்டாள். கண்ணை மூடாமலே, காலியாக விட்டிருந்த அந்த வரியை வாய்க்குள் சொன்னாள். ‘இந்த மத்தியானத்துக்காரிக்கு நல்லது செய், கடவுளே.’

அத்தை மகள் தூக்கத்தில் ஏதோ முனகி, கட்டைவிரலை மடக்கி விரித்தாள். கண் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னவள் போர்வையைப் பாதத்தின் மேல் இழுத்து மூடினாள். மூலையிலிருந்த குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, மறுபக்கத்து வாசல் வழியாகப் படியிறங்கினாள். நாலாவது படியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி இறங்கினாள்.